வளரி கற்பித்த கை: போர்க்கால ஆசான்களும் அவர்தம் முறைகளின் மூலமும்

நம்மவர் எழுதும் சிலம்ப நூல்களிலும் விழா மலர்களிலும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றது. தமிழகத்துச் சிலம்பமும் வர்மமும் போதிதருமரால் சீனம் சென்றன. அங்கிருந்து ஜப்பான் சென்று ஜுஜுத்சுவாகவும் கராத்தேயாகவும் மாறின. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேய அதிரடிப் படையினருக்குக் கற்பிக்கப்பட்ட கைகலப்பு முறைகளும் அவற்றிலிருந்து பிறந்தவையே. ஆகவே உலகப் போரில் வென்ற கையும் நம் கையே என்பது அச்செய்தியின் முடிவு. கேட்பதற்கு இனிமையாக இருப்பதாலேயே இதைச் சற்று நின்று ஆராய வேண்டியிருக்கிறது.

ஆராய்வதற்குரிய கருவி நம் மரபிலேயே உண்டு. ஹதீஸ்கலை அறிஞர்கள் ஒரு செய்தியின் உள்ளடக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அதன் சனதைக் கேளாமல் ஏற்பதில்லை. யார் யாரிடம் கேட்டார்? அவ்விருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனரா? சந்தித்தனரா? கண்ணி அறுந்திருந்தால் அச்செய்தி முன்கதிஃ எனத் தள்ளிவைக்கப்படும். இதற்கு மற்கலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். மக்காவின் பெயர்பெற்ற மல்லரான ருகானாவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மற்போரில் வீழ்த்தினார்கள் என்னும் அறிவிப்பு திர்மிதியில் உள்ளது. நாம் உவந்து சொல்லும் செய்திதான். ஆயினும் அதனைப் பதிவு செய்த இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களே அதன் சனது உறுதியானதன்று என்று அருகிலேயே குறித்துவிட்டார்கள். பெருமானாரைப் பற்றிய செய்திக்கே இத்துணைக் கண்டிப்பு இருக்குமாயின், கம்பு சுழற்றும் கலையின் வரலாற்றுக்கு விலக்கு அளிக்க வேண்டிய தேவையில்லை.

முதலில் ஆங்கிலேய ஆசானைப் பார்ப்போம். அவர் பெயர் வில்லியம் ஈவார்ட் ஃபேர்பேர்ன். 1885இல் பிறந்து, அரச கடற்படையின் மரைன் பிரிவில் பணியாற்றியபின் 1907இல் ஷாங்காய் மாநகரக் காவல்துறையில் சேர்ந்தார். அந்நாளில் ஷாங்காய்த் துறைமுகம் வணிகத்துக்கு எவ்வளவு பெயர்பெற்றதோ அவ்வளவு அபினிக்கும் ஆட்கடத்தலுக்கும் பெயர்பெற்றது. பணியில் சேர்ந்த சில காலத்திலேயே தெருச் சண்டையொன்றில் கடுமையாக அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். எழுந்தபின் ஒகாடா என்னும் ஜப்பானிய ஆசானிடம் ஜுஜுத்சு பயின்றார். சீன முறைக் குத்துச்சண்டையும் கற்றார். டோக்கியோவின் கோடோகான் நிலையம் 1931இல் அவருக்கு ஜூடோவில் இரண்டாம் தான் நிலை அளித்தது. கற்ற அனைத்தையும் தெருவில் சோதித்து, பயன்படாதவற்றைக் கழித்து, தமக்கென ஒரு முறையை அமைத்து, 1926இல் ‘டிஃபெண்டு’ என்னும் நூலாக வெளியிட்டார். 1940இல் இங்கிலாந்து திரும்பி, தம் தோழர் சைக்ஸுடன் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் அதிரடிப் படையினருக்கும் உளவுப் பணிக்குச் செல்வோருக்கும் கற்பித்தார். அவ்விருவரும் வடிவமைத்த இருபுறக் கூர்க் குத்துவாள் இன்றும் அதிரடிப் படைகளின் சின்னங்களில் காணப்படுகின்றது. 1942இல் கனடாவின் ஒண்டாரியோ ஏரிக்கரையிலிருந்த பயிற்சி முகாமுக்கும், பின்னர் அமெரிக்கருக்கும் ஆசானாக அனுப்பப்பட்டார்.

இங்கே சனது தெளிவாக உள்ளது. ஒகாடாவிடமிருந்து ஃபேர்பேர்னுக்கு, அவரிடமிருந்து போர்க்கால மாணவர்களுக்கு என ஒவ்வொரு கண்ணியும் பெயரோடும் காலத்தோடும் தொடர்கிறது. ஷாங்காய்க் காவல்துறையில் சீக்கியர் பலர் பணியாற்றினர் என்பதும் உண்மை. ஆனால் அவர்களிடமிருந்தோ தமிழகத்திலிருந்தோ ஒரு பிடியையேனும் கற்றதாக அவர் வரலாறு காட்டவில்லை.

மேலே சென்றால் போதிதருமர் கண்ணி வருகின்றது. அவர் ஆறாம் நூற்றாண்டினர் எனக் கொள்ளப்படுகிறார். 547ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட சீன நூல் ஒன்று அவரைப் பாரசீகத்தவர் என்கின்றது. மற்றொரு பழங்குறிப்பு தென்னிந்தியர் என்கின்றது. இரண்டிலும் அவர் மற்கலை கற்பித்த செய்தி இல்லை. அவரை ஷாவ்லின் மடத்தின் உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல் பதினேழாம் நூற்றாண்டில், 1624ஐ ஒட்டி, தோன்றியது. இடையே ஓராயிரம் ஆண்டுகள். சீன ஆய்வாளரும் ஜப்பானிய ஆய்வாளருமே இதனைப் பிற்காலப் புனைவெனக் கழித்துவிட்டனர். அவர்கள் கழித்ததை நாம் எடுத்துச் சூடிக்கொள்வது அழகன்று.

வர்மத்துக்கும் ஜுஜுத்சுவுக்கும் ஒப்புமை இருக்கின்றதே என்பர். இருக்கத்தான் செய்யும். மனித உடல் எங்கும் ஒன்றே. தொண்டைக்குழியும் முழங்கால் மூட்டும் கன்னியாகுமரியில் ஓரிடத்திலும் ஒசாகாவில் வேறிடத்திலும் அமைந்திருக்கவில்லை. மணிக்கட்டை எப்பக்கம் திருகினால் மனிதன் மண்டியிடுவான் என்பதைக் கண்டறிய ஒருவர் மற்றவரிடம் சென்று கேட்டிருக்க வேண்டியதில்லை. ஒப்புமை என்பது ஐயத்தை எழுப்பலாமேயன்றிச் சான்றாகாது.

இவ்வாறு ஒரு பெருமையைத் தள்ளிவைக்கும்போது, தள்ள முடியாத ஒன்று நம் கடற்கரைக்கு அருகிலேயே கிடப்பதைக் காண்கிறோம். ஆங்கிலேயப் போர் வீரன் ஒருவன் தமிழ் ஆசானிடம் நேரில் கற்றான். கற்றதைத் தன் கையாலேயே எழுதியும் வைத்தான். இங்குச் சனது முத்தஸில், அதாவது இடையறாதது.

அவ்வீரர் ஜேம்ஸ் வெல்ஷ். சென்னைப் படையில் இளம் அதிகாரியாகப் பணிபுரிந்து, பின்னர் உயர்பதவி அடைந்தவர். தம் இராணுவ நினைவுகளை 1830இல் இலண்டனில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1795இல் மதுரைப் பக்கம் இருந்தபோது சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களோடு அவருக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. பெரிய மருது வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். கட்டியான நாணயத்தை விரலாலேயே வளைக்கும் வலிமையுடையவர். சின்ன மருது சிறுவயலில், வாயிற்காவலர் ஒருவருமின்றி, எவரும் வந்துபோகக்கூடிய திறந்த மாளிகையில் வாழ்ந்தவர்; அவர் தலையசைப்பே அச்சீமையில் சட்டமாக இருந்தது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலில் கற்பித்தவர் இச்சின்ன மருதுவே என்று வெல்ஷ் நன்றியோடு பதிவு செய்கிறார். வளரி பிறவிடங்களில் அறியப்படாத கருவி என்றும், கைதேர்ந்தவன் வீசினால் 100 கஜ எல்லைக்குள் குறி தவறாது என்றும் மேலும் சொல்கிறார்.

வளரியை இன்று நேரில் கண்டோர் சிலரே. பிறைபோல் வளைந்து, ஒரு முனை பருத்தும் மறுமுனை கைப்பிடிக்கேற்பச் சிறுத்தும் இருக்கும். பெரும்பாலும் மரத்தால் ஆனது. இரும்பிலும் தந்தத்திலும் செய்ததுண்டு. தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் குறித்திருக்கிறார். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பூமராங்கோடு இதனை ஒப்பிட்டு, அங்கிருந்து இங்கோ இங்கிருந்து அங்கோ சென்றதெனச் சொல்லும் கட்டுரைகளும் உண்டு. அவற்றுக்கும் மேற்சொன்ன மறுமொழியே போதும்.

வெல்ஷ் கற்ற ஆறாம் ஆண்டில் போர் மூண்டது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடிக்கப்பட்டு, அவர் தம்பி ஊமைத்துரை முதலானோர் பாளையங்கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்தனர். 1801 பிப்ரவரி 2 அன்று அவர்கள் தப்பினர். ஒரு வாரத்துக்குள் கும்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது, இடிக்கப்பட்ட கோட்டை மண்ணால் மீண்டும் எழுந்து நின்றது. டச்சுக்காரரிடமிருந்து 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த தூத்துக்குடித் துறையும் சில காலம் பாளையக்காரர் கைக்குப் போயிற்று. இன்று ஓட்டப்பிடாரம் வழியாகப் பேருந்தில் செல்வோர்க்கு ஒரு மணி நேரத் தொலைவுகூட இல்லாத அந்த முட்காட்டில்தான், நெருங்கிப் பொருதும் இரு முறைகள் ஒன்றையொன்று சோதித்துப் பார்த்தன.

கும்பெனியின் முறை சுடுவதும், சுட்டபின் துப்பாக்கி முனையில் பொருத்திய பயனெட்டால் குத்துவதும் ஆகும். அக்காலத் துப்பாக்கி பயனெட்டோடு சேர்ந்து ஏறத்தாழ ஆறரை அடி நீளம். பாளையக்காரரின் வேலோ அதைப் போல் இருமடங்குக்கும் மேலானது. திறந்த வெளியில் வரிசை குலையாமல் நின்று சுடும் சிப்பாய்க்கு முன் அந்நீள வேல் பயனற்றது. அது நெருங்குமுன் குண்டு பாய்ந்துவிடும். ஆனால் கோட்டைச் சுவரின் உடைப்பில், ஒரு நேரத்தில் சிலரே ஏறக்கூடிய குறுகிய இடத்தில், நிலைமை தலைகீழாகிறது. மேலேறுபவன் ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட நேரமில்லை. அவன் பயனெட்டு எட்டாத தொலைவில் நின்று, சுவருக்கு உட்புறமிருந்து, வேல்கள் அவனைக் குத்துகின்றன. மார்ச் 31 அன்று மெக்காலேயின் படை இவ்வாறு தாக்கிப் பேரிழப்போடு பின்வாங்கியது. பெருந்துணையோடு அக்னியூ வந்து சேர்ந்து, மேலும் பீரங்கிகளால் சுவரைத் தகர்த்தபின், மே 24 அன்றே கோட்டை வீழ்ந்தது. ஏறத்தாழ இரு திங்கள் ஒரு மண்கோட்டை தாங்கி நின்றது எனில், அதற்குச் சுவரைவிட வேலே பெருங்காரணம் என்பது நம் கருத்து.

ஊமைத்துரை அங்கிருந்து தப்பிச் சென்று மருதுவிடம் அடைக்கலம் பெற்றார். போர் சிவகங்கைக்கு நகர்ந்தது. அப்படையிலும் வெல்ஷ் இருந்தார். அக்டோபர் 1 அன்று காளையார்கோயில் வீழ்ந்தது. அத்திங்கள் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். வேலெறியக் கற்பித்தவரை வேட்டையாடிய படையில் தாமும் இருக்க நேர்ந்ததை வெல்ஷ் மறைக்கவில்லை. அவ்விடத்தில் அவர் எழுத்தில் வெற்றிக் களிப்பைவிட வருத்தமே மேலோங்கி நிற்கிறது. இராமநாதபுரத்து வரலாற்றறிஞர் எஸ்.எம். கமால் அவர்கள் மருதுபாண்டியர் வரலாற்றை ஆவணங்களோடு எழுதியவர். இவ்வரலாறு நம் சமூகத்தாருக்கு நெருக்கமாக வந்து சேர்ந்ததில் அவருக்குப் பெரும்பங்குண்டு.

இதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன் இதே நிலத்தில் இக்கதை எதிர்த்திசையில் நடந்திருந்தது. இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய யூசுஃப் கான், நாம் கான் சாகிபு என்றும் மருதநாயகம் என்றும் அழைப்பவர், கும்பெனியின் அணிவகுப்பு முறையைக் கற்றுத் தேர்ந்து சிப்பாய்களுக்குத் தலைவரானார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை 1759 முதல் ஆண்டபோது, வரிசையாக நின்று சுடுவதையும் பயனெட்டால் நெருங்குவதையும் தென்சீமைக்கு ஆழமாகக் கொண்டுவந்து, பூலித்தேவர் முதலான பாளையக்காரரை அம்முறையாலேயே அடக்கியவர் அவர். பின்னர் அதே முறையைக் கும்பெனிக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் எதிராகத் திருப்பினார். அதைக் கொண்டே மதுரைக் கோட்டையை நெடுங்காலம் காத்தார். இறுதியில் உடனிருந்தோரால் காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரருக்கு அவர் செய்ததைப் பாராட்டுவது எளிதன்று. அவரை முழு விடுதலை வீரராக வரையும் நம் மேடைப் பேச்சுகளில் இப்பகுதி பெரும்பாலும் விடுபடுகின்றது. விடக்கூடாது.

1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்சீமையில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. வேல்களும் துப்பாக்கிகளும் ஒப்படைக்கப்பட்டன, கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1878இன் ஆயுதச் சட்டம் அதனை நாடெங்கும் நிலைப்படுத்தியது. வேலை இழந்த கைக்குக் கம்பு மிஞ்சியது. கம்பு ஊன்றுகோலும் ஆகலாம், விளையாட்டுப் பொருளும் ஆகலாம். அதைத் தடைசெய்ய எச்சட்டத்தாலும் இயலாது. கோயில் திருவிழாக்களிலும், நம் ஊர்களின் சந்தனக்கூடு ஊர்வலங்களிலும் முஹர்ரம் நாள்களிலும், வாத்தியார்களும் உஸ்தாதுகளும் மாணாக்கரை இறக்கிக் கம்பும் தீப்பந்தமும் சுழற்றிய வழக்கம் இத்தடைக்குப் பின் புதுப்பொருள் பெற்றது என்றே கருதுகிறோம். அறிவறிந்த ஆலிம்கள் இவ்வாட்டங்களைக் கண்டித்ததற்கும் காரணங்கள் உண்டு. அவை வேறு கட்டுரைக்குரியவை.

கற்பிக்கும் முறையில் உள்ள ஒரு வேறுபாட்டை இங்குக் கூறாமல் செல்ல இயலாது. ஃபேர்பேர்னின் போர்க்காலப் பாடம் நாள்கணக்கில் முடிவது. வணக்கம், நிலை, நெடும்பயிற்சி ஆகிய அனைத்தையும் நீக்கி, எதிரி எழாதவாறு வீழ்த்தும் சில அடிகளை மட்டும் அவர் வைத்துக்கொண்டார். உள்ளங்கையால் மோவாயில் தாக்குவதும் விரல்களைக் கண்ணில் செலுத்துவதும் அவற்றுள் தலையாயவை. நாசிகளின் படை ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த வேளையில், வான்குடையில் இறங்கப்போகும் இளைஞனுக்கு ஆண்டுக்கணக்கில் கற்பிக்க நேரமில்லை என்பது உண்மையே. நம் வர்ம ஆசான்களோ கொல்லும் இடங்களைக் கடைசியில்தான் சொல்வர்; மாணாக்கனின் சினத்தைச் சோதித்து, அடித்ததை மீட்கும் அடங்கல் முறையையும் உடன் கற்பித்தபின்பே சொல்வர். பலருக்குச் சொல்லாமலேயே இறந்துபோவர். அவ்வாறு அழிந்த கலை எவ்வளவோ.

‘உங்களில் ஒருவர் சண்டையிட்டால் முகத்தைத் தவிர்த்துக்கொள்ளட்டும்’ என்னும் கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஃபேர்பேர்னின் முதல் அடியே முகத்துக்கு. இந்நபிமொழி ஊருக்குள் நிகழும் பூசலையும் தண்டனையையும் பற்றியதா, போர்க்களத்தையும் தழுவியதா என்னும் கேள்வி எழும். எதுவாயினும், கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் படையனுப்பியபோது பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லாதீர் என்று கட்டளையிட்ட மரபில், எப்படி அடிப்பது என்பதற்கு முன் எங்கே அடிக்கக்கூடாது என்பது வந்துவிடுகிறது. இமாம் இப்னுல் கையிம் (ஹிஜ்ரி 751இல் மறைந்தார்) ‘அல்ஃபுரூஸிய்யா’ என ஒரு நூலே இயற்றி, குதிரையேற்றம், அம்பெய்தல், ஈட்டி ஆகியவற்றை ஃபிக்ஹின் ஒழுங்குக்குள் வைத்தார்கள். மம்லூக் காலத்து எகிப்திலும் ஷாமிலும் இத்துறையில் எழுந்த நூல்கள் ஏராளம். ஆசான் பெயரும் படிநிலைகளும் பயிற்சி வரிசையும் அவற்றில் எழுதப்பட்டன.

நம் கடற்கரையில் அவ்வாறு எழுதப்படவில்லை. ஹிஜ்ரி 944இல் மரக்காயர் கடற்படை காயல் பக்கம் வந்து, மண்டபத்தை அடுத்த வேதாளையில் போர்த்துக்கீசியரோடு மோதித் தோற்றதை ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நூலில் பதிந்திருக்கிறார்கள். முத்துக்குளிக்கும் கரையின் ஆதிக்கம் யாருக்கென முடிவான போர் அது. தலைவர்களின் பெயர்கள் அங்கே உள்ளன. மரக்கலத்திலிருந்து மரக்கலத்துக்குத் தாவி வாள்வீசக் கற்பித்த உஸ்தாதின் பெயர் இல்லை. பாஞ்சாலங்குறிச்சி உடைப்பில் வேல்பிடித்தோருக்குக் கற்பித்தவர் பெயரும் இல்லை. சின்ன மருது ஆசானாக வரலாற்றில் நிற்பதும் மாணாக்கன் ஆங்கிலத்தில் எழுதியதால்தான்.

தமிழக அரசு வேலைவாய்ப்பின் விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்திருக்கிறது. ஊர்தோறும் பிள்ளைகள் சான்றிதழுக்காகவேனும் கம்பெடுக்கின்றனர். காயல்பட்டினம் முதல் கீழக்கரை வரை, முதிய வாத்தியார் எவரேனும் வாழும் ஊரில், அவருடைய ஆசான் யார், அவருக்கு ஆசான் யார், எந்த அடிவரிசையை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று மூன்று தலைமுறைக்கேனும் கேட்டு எழுதிவைக்க இளைஞர்கள் முன்வருவார்களாயின், இவ்விதழ் அதனை மகிழ்ந்து வெளியிடும். ஐயத்துக்குரிய கண்ணியை ஐயத்துக்குரியது என்றே குறித்தனுப்பலாம்.

மருதுவின் மகன் துரைசாமி அப்போது சிறுவர். 1802 பிப்ரவரியில், கிளர்ச்சியாளர் எழுபதுக்கும் மேற்பட்டோருடன் தூத்துக்குடித் துறையில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டார். 1818இல் வெல்ஷ் பினாங்கு சென்றிருந்தபோது தளர்ந்த தோற்றமுடைய ஒருவர் அவரைக் காண வந்தார். முப்பதைச் சிறிதே கடந்திருக்க வேண்டிய அவரை முதியவர் என்றே வெல்ஷ் எண்ணினார். வந்தவர் தம் பெயரைச் சொன்ன பின்னரே, தமக்கு வேல் கற்பித்தவரின் மகன் அவர் என்பதை உணர்ந்தார்.